உதவி வகுப்பின் முதல் இருபது நிமிடங்கள்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும், கற்றலில் வேறுபாடு உடைய மாணவர்களுக்கான உதவி வகுப்பை நான் நடத்தத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் மிகக் கடுமையாக உழைத்தேன். ஆனால் அந்த உழைப்பின் பெரும்பகுதி தவறான வேலையில் போயிற்று. மாணவர்கள் வந்து அமர்ந்ததும், "நாளைக்கு என்ன கொடுக்க வேண்டும்?" என்று கேட்பேன். அறிவியல் வினாவிடை, வரலாற்றுப் பாடத்தின் வரைபடம், பாதியில் நின்ற கணக்குப் பயிற்சி என ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வெளியே வரும். நான் பாடத்தை வாசித்துக் காட்டுவேன். விடை எந்தப் பத்தியில் இருக்கிறது என்று சுட்டிக் காட்டுவேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்வேன். வகுப்பு முடியும்போது எல்லாக் குறிப்பேடுகளும் நிறைந்திருக்கும். பெற்றோருக்கு நிம்மதி, பாட ஆசிரியர்களுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி.

ஏழாம் வகுப்பின் இறுதியில் ஒரு நாள், அதற்கு முன் பார்த்திராத ஒரு பக்கத்தை ஒரு மாணவனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்து எஞ்சியதை அவன் ஊகித்துக்கொண்டே போனான். 'ஆராய்ச்சி' என்பது 'ஆரம்பம்' ஆயிற்று. 'நிலவியல்' என்பது 'நிலவு' ஆயிற்று. ஒரு பத்தி முடிவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக என்னிடம் வந்த நாளில் எப்படி வாசித்தானோ, அப்படியேதான் அன்றும் வாசித்தான். அவனுடைய வீட்டுப்பாடங்கள் எல்லாம் முடிந்திருந்தன. வாசிப்பு மட்டும் ஓரடி கூட நகரவில்லை.

அன்றிலிருந்து இந்தப் பணியைப் பற்றி நான் நினைக்கும் விதம் மாறியது. கற்றல் உதவி என்று நாம் சொல்வதற்குள் இரண்டு வேறு பணிகள் இருக்கின்றன. ஒன்று, இன்றைய பாடத்தை இன்றே மாணவரிடம் கொண்டு சேர்ப்பது. வாசித்துக் காட்டுதல், ஒலி நூல், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய ஏற்பாடுகள் இதில் அடங்கும். மற்றொன்று, அந்த மாணவரிடம் வளராமல் நின்றுபோன திறனை, நின்ற இடத்திலிருந்தே எடுத்து, படிப்படியாகக் கற்பிப்பது. இரண்டுமே வேண்டும். ஆனால் முதல் பணிக்கு நாளைக் காலை என்ற கெடு இருக்கிறது, இரண்டாவது பணிக்கு எந்தக் கெடுவும் இல்லை என்பதால், யாரும் திட்டமிட்டுத் தடுக்காவிட்டால் முதலாவது இரண்டாவதை முழுவதுமாக விழுங்கிவிடும். இப்போது என் வகுப்பில் முதல் இருபது நிமிடங்களுக்குப் பையைத் திறக்க அனுமதி இல்லை. அந்த நேரம் திறனுக்கு உரியது. மறுநாள் தேர்வே இருந்தாலும் அதை நான் விட்டுக் கொடுப்பதில்லை.

இந்த மூன்று வகுப்புகளில் இது ஏன் இத்தனை அவசரமாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வாசிப்பு வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்து 1983-ஆம் ஆண்டில் விளக்கிய ஜீன் சால், தொடக்க வகுப்புகளில் குழந்தை வாசிக்கக் கற்கிறது என்றும், ஏறத்தாழ நான்காம் வகுப்பிலிருந்து கற்பதற்காக வாசிக்க வேண்டியிருக்கிறது என்றும் வேறுபடுத்திக் காட்டினார். நல்ல நினைவாற்றலும் கூர்ந்த செவியும் உள்ள குழந்தை, சரியாக வாசிக்காமலேயே ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட முடியும். பாடம் சிறியது; ஆசிரியர் ஒருவரே; கேட்டதை நினைவில் வைத்தே ஒப்பேற்றிவிடலாம். ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஆசிரியர் வருகிறார், ஒவ்வொருவரும் தனித்தனிக் கெடு வைக்கிறார், பாடநூலின் பக்கங்கள் கூடுகின்றன, கலைச்சொற்கள் குவிகின்றன. அதுவரை நினைவாற்றல் தாங்கிப் பிடித்த கூரை அந்த ஆண்டில்தான் சரிகிறது. "ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகத்தான் படித்தான், இப்போதுதான் சோம்பேறியாகிவிட்டான்" என்று பெற்றோர் சொல்லும்போது, நான் முதலில் சந்தேகிப்பது சோம்பலை அல்ல, இத்தனை நாள் மறைந்திருந்த வாசிப்புச் சிக்கலைத்தான்.

இந்த வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய பதிவு மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற, இங்கிலாந்தில் பணியாற்றிய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். புத்திசாலி, விளையாட்டில் சுறுசுறுப்பானவன், ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் பயின்றவன். ஆனால் வாசிக்க முடியவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே கற்பித்தால் பள்ளியிலேயே கெட்டிக்கார மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். அந்த ஆசிரியரை நான் மிகவும் மதிக்கிறேன்; மாணவனின் அறிவையும் அவனுடைய வாசிப்பையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. நான் முதலில் சொன்ன இரண்டு பணிகளில் ஒன்றின் தேவை அவருடைய அந்த ஒரு கூற்றிலேயே இருக்கிறது.

வாசிப்பில் சிக்கல் என்று வரும் எல்லோருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் முன்வைத்த எளிய கருத்து இதில் எனக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. வாசித்துப் பொருள் கொள்வது என்பது, எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பது என்றார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியானால் விளைவும் சுழிதான். ஆகவே புதிதாக ஒரு மாணவர் வரும்போது, ஒரு பத்தியை அவரையே வாசிக்கச் செய்து கேள்வி கேட்கிறேன். பிறகு அதே அளவு கடினமான வேறொரு பத்தியை நான் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்கிறேன். நான் வாசித்தபோது அழகாக விடை சொல்பவருக்குத் தேவை எழுத்தைச் சொல்லாக்கும் பயிற்சி. நான் வாசித்தபோதும் விடை சொல்ல முடியாதவருக்குச் சொல்வளம், தொடர் அமைப்பு, பின்னணி அறிவு ஆகியவற்றில் வேலை இருக்கிறது. தடங்கலின்றி வாசித்துவிட்டு எதுவும் புரியாமல் நிற்கும் மாணவரை வகுப்பில் யாரும் கண்டுபிடிப்பதில்லை, ஏனெனில் அவருடைய வாசிப்பு காதுக்கு இனிமையாக இருக்கிறது.

எழுத்தைச் சொல்லாக்குவதில் சிக்கல் உள்ள பன்னிரண்டு வயது மாணவருக்கு மீண்டும் 'அ, ஆ' என்று தொடங்குவது பெரும்பாலும் தேவையற்றது, அவமானமும் கூட. தனி எழுத்துகள் அவருக்குத் தெரியும். குறில் நெடிலும் ஓரளவு தெரியும். அவரைத் தடுக்கி விழச் செய்வது நீண்ட சொல். தமிழில் ஒரு சொல்லின் மேல் ஒட்டு ஒட்டாக ஏறி, 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்று ஒரே மூச்சில் நிற்கிறது. அதைப் பார்த்த கணமே கண் முதல் இரண்டு எழுத்தோடு தப்பி ஓடிவிடுகிறது. அந்தச் சொல்லைப் 'படித்து', 'கொண்டு', 'இருந்தவர்கள்', 'கு', 'உம்' என்று பென்சிலால் பிரிக்கவும், பிரித்ததை மறுபடி சேர்க்கவும், சேரும்போது இடையில் தோன்றும் ஒற்றையும் மறையும் எழுத்தையும் கவனிக்கவும் கற்பிக்கிறேன். கலைச்சொற்களிலும் இதுவே வழி. 'ஒளிச்சேர்க்கை' என்பதில் 'ஒளி'யும் 'சேர்க்கை'யும் இருப்பதைத் தானாகக் கண்ட மாணவிக்கு, அந்தச் சொல்லை வாசிப்பதும் பொருள் கொள்வதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் வசப்பட்டன. மறுவாரம் அவளே 'வெப்பக்கடத்தல்' என்ற சொல்லைப் பிரித்துக் கொண்டுவந்து காட்டினாள். நாளொன்றுக்கு ஐந்தாறு சொற்கள் போதும். அவை அந்த வாரம் அவர்கள் வகுப்பில் சந்திக்கப்போகும் சொற்களாக இருக்க வேண்டும்.

சொற்கள் பிரியத் தொடங்கிய பிறகு வேகம் வர வேண்டும். இதற்கு ஜே சாமுவேல்ஸ் 1979-இல் விவரித்த மீள்வாசிப்பு முறையை நான் கடைப்பிடிக்கிறேன். ஒரு சிறு பகுதியை, போதிய சரளம் வரும் வரை, பலமுறை உரக்க வாசிப்பதுதான் அது. பதின்ம வயதின் வாசலில் நிற்பவர்களுக்குச் சின்னக் குழந்தைகளின் கதைப்புத்தகத்தைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்லக் கூடாது. விண்கலம், விலங்கியல், விளையாட்டு எனத் தம் வயதுக்கு உரிய செய்தியே எளிய தொடர்களில் வேண்டும். கிடைக்காதபோது நானே எழுதிக்கொள்கிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் மாணவர் அந்தத் தாளைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கிறாரா, மேசையின் மேல் வைக்கிறாரா என்பதில் அதன் பலன் தெரிந்துவிடும்.

முன்னேற்றம் இருக்கிறதா என்பதை மனத்துக்குள் எடைபோடுவதை நான் விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டுகள் என்னை ஏமாற்றியது அந்த மன எடைதான். ஸ்டான்லி டீனோ 1985-இல் விளக்கிய அளவீட்டு முறையில், மாணவர் ஒரு புதிய பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கிறார். சரியாக வாசித்த சொற்களை எண்ணி வரைதாளில் ஒரு புள்ளி வைக்கிறோம். வாரந்தோறும் இதைச் செய்கிறோம். ஓரிரு புள்ளிகள் எதையும் சொல்லாது, ஒரு வாரம் சளி பிடித்திருந்தாலே எண்ணிக்கை இறங்கும். ஆறேழு வாரங்களுக்குப் பிறகும் கோடு தட்டையாகவே இருந்தால், மாற வேண்டியது என் கற்பித்தல். கோடு மேலேறத் தொடங்கும்போது அதை முதலில் கவனிப்பவர்கள் மாணவர்கள்தான். புள்ளியைத் தாமே வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். டிஸ்கால்குலியா என்ற, எண்களைக் கையாள்வதில் வரும் கற்றல் சிக்கல் உள்ள மாணவர் ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் பயிலும்போது, வாய்ப்பாடு மனப்பாடம் ஆகவில்லை என்பதற்காக அவரை இயற்கணிதத்திலிருந்து நிறுத்தி வைப்பது அநியாயம். வாய்ப்பாட்டு அட்டையோ கணிப்பானோ கையில் இருக்கட்டும். அவர் சமன்பாட்டைச் சிந்திக்கட்டும். அதே நேரத்தில், முதல் இருபது நிமிடங்களில் எண்ணின் அளவை உணரும் எண்ணுணர்வுக்கான வேலை தொடர வேண்டும். 4 என்பது 3-ஐ விடப் பெரியது என்பதால் 1/4 என்பதும் 1/3-ஐ விடப் பெரியது என்று சொல்லும் மாணவருக்கு விதியைத் திரும்பச் சொல்வதால் பயனில்லை. இரண்டையும் எண்கோட்டில் அவரே குறிக்கும் வரை, தாள் பட்டையை மடித்து அவரே ஒப்பிடும் வரை, பின்னம் அவருக்கு மேலும் கீழும் எழுதப்பட்ட இரண்டு தனி எண்களாகவே இருக்கும்.

எழுதுவதைப் பற்றியும் தேர்வு ஏற்பாடுகளைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பல ஏற்பாடுகள் இங்கேதான் வீணாகின்றன. சொல்வதை எழுதுபவரை மாணவர் முதன்முதலாகத் தேர்வு அறையில் சந்திக்கும் நிலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேசத் தெரிந்தவர் சொல்லி எழுதவைத்துவிடுவார் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். அது அப்படி அல்ல. விடையை மனத்துக்குள் முழுத் தொடராக அமைக்க வேண்டும். எழுதுபவரின் கைவேகத்துக்கு ஏற்ப நிறுத்திச் சொல்ல வேண்டும். முன் தொடரில் என்ன சொன்னோம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லித் திருத்தம் கேட்க ஒரு துணிவும் வேண்டும். இவை அனைத்தும் தனித் திறன்கள். பயிற்சி இல்லாத மாணவர் இரண்டு சொற்களில் விடை சொல்லிவிட்டு, அறிமுகம் இல்லாத பெரியவர் முன் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பார். பிறகு, "எழுதுபவரைக் கொடுத்தும் மதிப்பெண் வரவில்லையே" என்ற பேச்சு எழும். என் மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு கிடைத்தவுடன், வாரம் ஒருமுறை ஒரே ஒரு விடையையாவது இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்கும் பயிற்சியைத் தொடங்கிவிடுகிறேன். கூடுதல் நேரமும் இப்படித்தான். அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தும், அதைத் தாளை வெறித்துப் பார்ப்பதில் கழித்த மாணவியை நான் அறிவேன். எந்தக் கேள்விக்குத் திரும்பிச் செல்வது, எதைச் சரிபார்ப்பது என்று யாரும் அவளுக்குக் கற்றுத் தந்திருக்கவில்லை.

பாட ஆசிரியர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள்களில் முதன்மையானதும் எழுத்தைப் பற்றியதுதான். வரலாற்று விடையில் ரகர றகரமும், லகர ளகர ழகரமும் மாறியிருந்தால், அதை மொழிப்பாடத்தில் பார்த்துக்கொள்ளலாம்; வரலாற்றில் வரலாறு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தாள் முழுவதும் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தால், அடுத்த முறை மாணவர் தமக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே பயன்படுத்துவார். அவருடைய சிந்தனையும் அந்தச் சிறிய சொற்பட்டியலின் அளவுக்குச் சுருங்கிப் போகும்.

திட்டமிடுதலையும் இந்த வகுப்புகளில் நேரடியாகக் கற்பித்தாக வேண்டும். கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் உள்ள மாணவர் வீட்டுப்பாடத்தைச் செய்துமுடித்து, பையிலும் வைத்து, ஆசிரியரிடம் கொடுக்க மறந்துவிடுவதைப் பொறுப்பின்மை என்று தண்டிக்கிறோம். ஒரு பணியை மூன்று துண்டுகளாக உடைப்பது, கெடுவிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நாளைக் குறிப்பது, வெள்ளிக்கிழமைதோறும் பையைக் கவிழ்த்து அடுக்குவது ஆகியவற்றை முதலில் நான் செய்து காட்டுகிறேன்; பிறகு சேர்ந்து செய்கிறோம்; பிறகு அவர் செய்ய நான் பார்க்கிறேன். இந்த மூன்றாம் நிலையை எட்டச் சிலருக்கு ஓராண்டு ஆகிறது. படிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. பெரும்பாலான மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதையே படிப்பு என்று நம்புகிறார்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முன்னே நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். வாசிப்பதே பெரும்பாடாக இருக்கும் மாணவருக்கு இது நல்ல செய்தி. புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதும் படிப்புதான் என்று கேட்கும்போது அவர்கள் முகத்தில் நம்பாமை தெரிகிறது. அடுத்த தேர்வுக்குப் பிறகு நம்புகிறார்கள்.

கவலையில் இருக்கும் பெற்றோரின் நேரத்தையும் பணத்தையும் வாங்கிக்கொள்ளும் சில வழிகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "உங்கள் பிள்ளை கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்" என்று வகைப்படுத்தி அதற்கேற்ப மட்டுமே கற்பிக்கும் முறைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-இல் ஆராய்ந்து எழுதினார்கள். வண்ணக் கண்ணாடிகளாலும் கண் பயிற்சிகளாலும் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கல் சரியாகும் என்ற கூற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் கண் மருத்துவர்களின் அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. பார்வைக் குறைபாடு இருந்தால் கண்ணாடி அணியத்தான் வேண்டும். அது கண்ணுக்கான தீர்வு. வாசிப்புக்குக் கற்பித்தல்தான் தீர்வு. இந்த வயதில் வீணாகும் ஓராண்டு திரும்பக் கிடைக்காது என்பதால் இதில் நான் கடுமையாகவே பேசுகிறேன்.

இவை எல்லாவற்றையும் செய்தாலும், மாணவர் அந்த அறைக்குள் வர மறுத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. பன்னிரண்டு வயதில் நண்பர்களின் பார்வையை விடப் பெரியது வேறெதுவும் இல்லை. வகுப்பின் நடுவில் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பது, விளையாட்டு நேரத்தையும் ஓவிய வகுப்பையும் எடுத்துக்கொண்டு உதவி வகுப்பு வைப்பது ஆகிய இரண்டையும் நான் முற்றாக எதிர்க்கிறேன். வாசிப்பில் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஓடுவதிலோ வரைவதிலோ கிடைக்கும் வெற்றி ஒருவேளை அன்றைய நாளின் ஒரே வெற்றியாக இருக்கலாம். அதைப் பறித்து அந்த நேரத்தில் எதைக் கற்பித்தாலும் அது உள்ளே இறங்காது. தனக்கு இருப்பது என்ன என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். பெயர் தெரியாத சிக்கலுக்கு அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் 'மக்கு' என்பதாகவே இருக்கிறது. டிஸ்லெக்சியா என்ற சொல்லைக் கேட்டதும், "அப்படியானால் நான் முட்டாள் இல்லையா?" என்று நேராகக் கேட்ட மாணவிக்கு நான் அன்று சொன்ன பதிலை விட, அவள் அந்தக் கேள்வியை எத்தனை ஆண்டுகளாக உள்ளே வைத்திருந்தாள் என்பதே என்னை நீண்ட நாள் உறங்கவிடாமல் செய்தது.

பெற்றோர் பள்ளியிலோ தனி மையத்திலோ இத்தகைய உதவியைத் தேடும்போது, "மதிப்பெண் எவ்வளவு கூடும்?" என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். என் பிள்ளையிடம் இப்போது நீங்கள் வளர்க்க முயலும் திறன் எது? வாரத்தில் எத்தனை முறை, எத்தனை பேர் கொண்ட குழுவில் அதைக் கற்பிக்கிறீர்கள்? முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளக்கிறீர்கள், அந்த வரைதாளை நான் பார்க்கலாமா? முன்னேற்றம் இல்லையென்றால் எப்போது, எதை மாற்றுவீர்கள்? முதல் கேள்விக்கு "வீட்டுப்பாடத்தில் உதவுகிறோம்" என்பதே பதிலாக வந்தால், என்னுடைய முதல் இரண்டு ஆண்டுகள் அங்கேயும் நடந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

எட்டாம் வகுப்பின் கடைசி மாதத்தில், அந்த இருபது நிமிடங்களில் ஒவ்வொரு மாணவரும் தம் அடுத்த ஆசிரியர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறார்கள். எனக்கு எது எளிது, எது கடினம், எந்த ஏற்பாடு உதவுகிறது, எது உதவவில்லை என்பதைத் தம் சொற்களில் எழுத வேண்டும். கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம், சொல்லி எழுதவைக்கலாம். சென்ற முறை ஒரு மாணவன், "என்னை முன்னறிவிப்பு இல்லாமல் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள், முந்தைய நாளே பக்கத்தைச் சொல்லிவிட்டால் நானே கை தூக்குவேன்" என்று எழுதினான். அந்தக் கடிதத்தில் ஏழு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவர்களுக்கும் தெரியட்டும் என்று சொல்லி, அவனே மடித்து உறையில் போட்டான்.